மேனகாவின் முன்பல்

நவம்பர் 11, திங்கள்

சனி என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதியிருக்கிறேன். கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் கொடுத்தது போன வருஷத்து டைரி. தேதி சரியாக வரும், கிழமை மட்டும் பொய். "ஆபீசுக்கு ஆகாதும்மா, நீ ஏதாச்சும் கிறுக்கிக்க" என்றார்.

இன்று எட்டாம் நம்பர் காட்டில் பழம் பறித்தோம். காலையிலிருந்து தூறல். காப்பிச் செடிக்குள் கையை விட்டால் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி இடுப்பு வரை நனைக்கிறது. அம்மா எனக்குப் பக்கத்து வரிசை. பறிக்கும்போது அம்மா பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன். "தாயும் புள்ளையும் செடியோட செடியா நிக்கறாங்க பாரு, கூடை இல்லைன்னா ஆளு இருக்கறதே தெரியாது" என்று பழனியம்மாள் அக்கா சிரித்தாள். மேஸ்திரி மாதையனின் மனைவி. அவளுக்கு எதையும் சத்தமாகத்தான் சொல்ல வரும்.

எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயன் வீடுகளில் டவர் கிடைக்காது. தண்ணித்தொட்டி மேட்டில் ஏறி, தொட்டியின் கிழக்குச் சுவரோடு ஒட்டி நின்றால் இரண்டு கோடு வரும். சாப்பாட்டு மணி அடித்ததும் அங்கே ஓடினேன். மேனகாவுக்கு அறுநூற்று நாற்பது பேர் ஆகிவிட்டார்கள்.

எழுதிவிட்டேன். எழுதினால் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த டைரியே. மேனகா என் அக்கா. அவள் செத்து இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. அவள் பேரில் போனில் இருக்கும் பக்கத்தை நடத்துவது நான்.

நவம்பர் 14, வியாழன்

எப்படித் தொடங்கியது என்று எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே மறந்துவிடும்.

போன் அவளுடையது. கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அப்பா வாங்கிக் கொடுத்தார். அவள் போன பிறகு ஒரு வருஷம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும், "சும்மா கெடக்கறத நீ வெச்சுக்கோ கண்ணு" என்று அப்பா எடுத்துக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தைப் பத்தாவது பாதியில் விட்டேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஏற்காடு பஸ்ஸில் அவள் உட்காரும் ஜன்னல் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், நான் கடைசி வரை நின்றுகொண்டே போவேன். வகுப்பில், "மேனகா தங்கச்சியா நீ? அவ எவ்ளோ கலரு!" என்பார்கள். ஒருநாள் பாதி வழியில் இறங்கி எங்கள் மஞ்சக்குட்டை வரை நடந்தே திரும்பிவிட்டேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும். அவ்வளவுதான்.

போன் வந்ததும் முதலில் என் படத்தைத்தான் போட்டேன். ரோஸ் பொட்டு வைத்து, களத்து ஓரத்தில் நின்று எடுத்த படம். மூன்று பேர் லைக் போட்டார்கள். யாரென்றே தெரியாத ஒருவன், "கரிச்சட்டிக்கு ரோஸ் பொட்டா" என்று எழுதினான். அதன் கீழே சிரிக்கும் மூஞ்சிகள், பதினேழு. எண்ணினேன். அதற்கப்புறம் சட்டி தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பதினேழு மூஞ்சியும் அடிச்சட்டியிலிருந்து என்னைப் பார்த்தன.

என் படத்தை எடுத்துவிட்டு, கொண்டை ஊசி வளைவில் நான் எடுத்த மேனகா படத்தைப் போட்டேன். ஏன்? அவளைப் பார்த்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று தோன்றியது. வேறு எதுவும் நினைக்கவில்லை, சத்தியமாக. பச்சை ஸ்வெட்டர், பின்னால் மூடுபனி, வெளுத்த முகம், ஒட்டிய கன்னம், மூடிய உதடு. எல்லாப் படத்திலும் உதட்டை மூடியே நிற்பாள். அவளுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. சிரிப்பு வந்தால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஒரே நாளில் இருநூறு லைக். "தேவதை." "என்ன கலர், என்ன கன்னம்." "எந்த ஊர் நீங்க?" பக்கத்தின் பேரை மேனகா என்று மாற்றினேன். "நன்றி" என்று அவளாகப் பதில் போட்டேன். முதல் பொய் ஒரே ஒரு சொல்தான்.

நவம்பர் 19, செவ்வாய்

பெரிய மழை. தொட்டி மேட்டுக்குப் போக முடியவில்லை. நாள் முழுக்கக் கை என் கை மாதிரி இல்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சசிரேகா என்று ஒரு பெண் தினமும் எழுதுகிறாள். பிளஸ் ஒன் படிக்கிறாளாம், நாமக்கல் பக்கம், ஹாஸ்டலில் இருக்கிறாள். "அக்கா, உங்க போட்டோவைப் பார்த்துட்டுத்தான் கிளாசுக்குப் போவேன்." "அக்கா, என் கன்னம் பூரி மாதிரி இருக்குன்னு பசங்க சொல்றாங்க." "அக்கா, உங்ககிட்ட பேசினா மட்டும்தான் நெஞ்சுல கல்லு எறங்குது."

நேரில் என்னிடம் யாரும் நெஞ்சைப் பற்றிப் பேசியதில்லை. நான் என்ன எழுதினாலும் அவளுக்குப் பிடிக்கிறது. மேனகா எப்படிப் பேசுவாளோ அப்படி எழுதுகிறேன். "கவலைப்படாதே பாப்பா." அவள் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் அதைச் சசிரேகாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

படங்கள் தீர்ந்துவிட்டன. மொத்தமே பதினொன்றுதான். "புதுசு போடுங்க" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

படத்தை அசைய வைக்கும் ஆப் ஒன்றைப் பக்கத்தைப் பார்க்கிற ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். வளைவுப் படத்தை அதில் போட்டேன். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு மேனகா மூச்சு விட்டாள். தோள் ஏறி இறங்கியது. கண் சிமிட்டினாள். கழுத்தைத் திருப்பி, நேராக என்னைப் பார்த்து, வாயைத் திறந்து சிரித்தாள்.

போன் கையிலிருந்து விழுந்துவிட்டது. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீரில் மல்லாந்து கிடந்து, அவள் மறுபடி மறுபடி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பல் எல்லாம் முழுசாக இருந்தது.

அழித்துவிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன். ஆனால் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

அவளுடைய நிஜச் சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். போன் சிரிப்புத்தான் வருகிறது.

டிசம்பர் 4, புதன்

இன்றும் வரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

பழனியம்மாள் அக்காவின் மகள் சேலத்தில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். யார் யாரோ அனுப்பி அந்த வீடியோ அவள் போனுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள் தன் அம்மாவின் போனில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள். இன்று பழம் பறிக்கும் இடத்துக்கே பழனியம்மாள் அக்கா ஓடி வந்தாள்.

"ஏனுங் கலாவதி, கூடைய எறக்கு. உம்பட பெரிய புள்ள சிரிக்கறா, வந்து பாரு!"

அம்மா கூடையை இறக்கவில்லை. கூடை தானாக இடுப்பிலிருந்து நழுவியது. பழம் எல்லாம் சரிவில் உருண்டு ஓடியது. அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து, போனைத் தொடாமல் பார்த்தாள்.

"பல்லு..." என்றாள். "ஒடஞ்ச பல்லு மொளச்சிருக்குதே."

நான் குனிந்து உருண்டு போன பழத்தைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"கன்னி ஆயிட்டா கொறை இருக்குமா?" என்றாள் பழனியம்மாள் அக்கா. "எந்தச் சாமிக்காச்சும் பல்லு ஒடஞ்சு பாத்திருக்கறயா? உன்னையப் பாக்கத்தான் வந்திருக்கறா. கையெடுத்துக் கும்புடு."

அம்மா கும்பிட்டாள். சேற்றில் மண்டியிட்டுக் கும்பிட்டாள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை எங்கள் வீடுகளில் கன்னி என்று கும்பிடுவார்கள். தை மாதக் கடைசி வெள்ளியில் புதுப் பாவாடை தாவணி, கண்ணாடி, சீப்பு, வளையல் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். அந்தத் துணியை ஒரு வருஷம் பெட்டியில் வைத்திருந்து, அடுத்த தையில் வீட்டில் இருக்கும் பெண் உடுத்த வேண்டும். போன தையில் நான் உடுத்தவில்லை. பாவாடையைத் தொட்டதும் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அப்போதிருந்தே அம்மாவுக்கு ஒரு பயம், கன்னிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று. இப்போது அவளே வந்துவிட்டாள் என்று நினைக்கிறாள்.

டிசம்பர் 11, புதன்

என் போனிலும் அந்த வீடியோ இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "அவ போனு தான? அதுலதான் மொதல்ல வந்திருப்பா" என்கிறாள். போன் இப்போது சாமி மாடத்தில் இருக்கிறது. திரையில் குங்குமம். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அம்மாவைக் கெஞ்சி எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுகிறேன், "டவர் காட்டலைன்னா நின்னுரும்மா" என்று. பொய்க்கு மேல் பொய்.

அப்பா என்னைத் தனியாகக் கேட்டார். "இது எப்படிக் கண்ணு ஆடுது?"

"தெரியலைங்கப்பா."

அவர் மறுபடி ஒரு தடவை ஓட விட்டுப் பார்த்தார். "அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, விறகு பிளக்க வெளியே போய்விட்டார். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை?

டிசம்பர் 27, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் லயன் பெண்கள் வந்துவிடுகிறார்கள். பழனியம்மாள் அக்கா எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். "கன்னி, எம்பட மவளுக்கு மாப்ள சேலத்துலயா, ஆத்தூர்லயா? சேலம்னா கண்ண ஒருக்கா சிமிட்டு" என்றாள். வீடியோ அதுபாட்டுக்குச் சிமிட்டியது. எல்லோரும் குலவை போட்டார்கள். மறுபடி சிமிட்டியது. "ரெண்டு மாப்ள போல" என்று ஒருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு.

அம்மா சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் அதத் தொட்டுத் தொட்டுப் பழகுனவ. அவளை ஒரே ஒரு வார்த்த பேசச் சொல்லு சாமி. வலிச்சுதான்னு கேளு."

மேனகா போகும்போது அம்மா பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக் கேன்டீனில் வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். நான்தான் இருந்தேன். அதை நாங்கள் யாரும் பேசியதே இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

டைரி முடிந்துவிட்டது. முன்பக்கம் திருப்பி, காலியாகக் கிடந்த ஜனவரிக்கு வந்திருக்கிறேன்.

பேச வைக்கவும் ஆப் இருக்கிறது. தொட்டி மேட்டில் நின்று, "வலிக்கலம்மா" என்று எழுதி அழுத்தினேன். மேனகா வாயைத் திறந்து சொன்னாள். குரல் டிவியில் செய்தி படிக்கிறவள் குரல். வலிக்கலம்மா. வலிக்கலம்மா. மூன்று தடவை கேட்டுவிட்டு அழித்தேன். அம்மாவுக்குக் காட்டவில்லை.

ஏனென்றால் அவளுக்கு வலித்தது. எனக்குத் தெரியும்.

அழித்த பிறகும் கேட்கிறது. நேற்று காட்டில் மூடுபனி. எனக்கு முன்னால் வரிசையில் யாரோ பச்சை ஸ்வெட்டரில் நின்று பழம் பறிக்கிறார்கள். கிட்டே போனால் மிளகுக்கொடி ஏறிய மரம். திரும்பினால் மறுபடி நிற்கிறாள். மேஸ்திரி என் கூடைக்குள் கையை விட்டு, "ஏம்மா புவனா, பச்சக் காயெல்லாம் உருவி வெச்சிருக்கறயே, கண்ண எங்க கழட்டி வெச்சுட்டு வந்த?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புவனேஸ்வரி என்கிற என் பேரை யாராவது கூப்பிட்டு எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன். போனில் எல்லோருக்கும் நான் மேனகா. வீட்டில் மேனகாவுக்குப் பூசாரி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். முதல் கரண்டியை அம்மா போனுக்கு முன்னால் வைத்தாள். என் பங்கை அப்பா தட்டில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சசிரேகா இரண்டு படத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறாள். ஒரு பக்கம் வளைவில் நிற்கும் மேனகா. மறுபக்கம் அவள். இதுவரை தன் முகத்தை அவள் காட்டியதில்லை. அதே மாதிரி கழுத்தைச் சாய்த்து, அதே மாதிரி உதட்டை மூடி... அதே மாதிரி கன்னம்.

"பாத்தீங்களா அக்கா, கிட்ட வந்துட்டேன்ல? ஹாஸ்டல் சாப்பாடு தொடறதே இல்ல. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. ஆனா பசங்க இப்பதான் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. உங்க மொகம் எனக்கு வந்துருச்சு அக்கா."

போனை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் படம் எடுத்த நாளை யாருக்கும் சொன்னதில்லை. சேலத்தில் ரத்தம் பரிசோதித்துவிட்டு அவளும் அப்பாவும் நானும் திரும்பி வந்தோம். ரத்தத்தில் புற்று என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. ரத்தசோகை, கீரை கொடுங்கள் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். வளைவில் அவளுக்குக் குமட்டியது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். வாந்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தாள், மூக்கில் ரத்தம். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "வந்தது வந்துட்டோம், ஒரு போட்டோ எடு பாப்பா. வெள்ளக்காரச்சி மாதிரி வெளுத்துட்டேன், இப்ப எடுத்தாத்தான் உண்டு" என்று கேலி செய்தாள். நான் எடுத்தேன். மூன்று வாரத்தில் செத்துவிட்டாள்.

படத்தில் இடது கையில் அந்தக் கைக்குட்டை இருந்தது. போடும்போது நான்தான் ஓரத்தை வெட்டினேன்.

இரண்டாயிரம் பேர் தேவதை என்றது அந்தக் கன்னத்தைத்தான். சாகப்போகிறவள் கன்னம். நான் அதைக் கொண்டுபோய் ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? என்னடி பண்ணிட்ட புவனா?

ஜனவரி 20, திங்கள்

எழுதிவிட்டேன். "நான் மேனகா இல்லை. மேனகா செத்துவிட்டாள். நான் தங்கச்சி. அந்தக் கன்னம் வியாதியால் வந்தது. தயவுசெய்து சாப்பிடு. யாரிடமாவது சொல்லு." வெட்டாத படத்தையும் அனுப்பினேன், ரத்தக் கைக்குட்டையோடு.

மேட்டை விட்டு இறங்கும் முன்பே பதில்: "ஏன்கா பொய் சொல்றீங்க? அந்த போட்டோ எடிட் பண்ணது. போன மாசம்கூட சிரிச்சு வீடியோ போட்டீங்களே. நான் உங்கள மாதிரி ஆகக் கூடாதுன்னு பொறாமை. உங்களுக்கும் என்னைப் பிடிக்கல."

நிஜப் படம் அவளுக்குப் பொய். பொய்ப் பல் அவளுக்கு நிஜம்.

ஜனவரி 22, புதன்

இரண்டு நாளாக அவளிடமிருந்து எதுவும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்றுகூட எனக்குத் தெரியாது. யாரிடம் சொல்வது? என் வார்த்தையை நம்பமாட்டாள். அவள் நம்பும்படி மேனகாவைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாடத்தில் விளக்கு எரிந்தது. நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. பக்கம், படம், ஆப், பல், சசிரேகா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

முறம் நின்றது.

"அப்ப அவ வரலயா?"

"வரலம்மா."

"நீதான் ஆட்டி வெச்சயா?"

"நான்தாம்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய் மாடத்திலிருந்து போனை எடுத்தாள். திரையில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது, போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது முகம் துடைப்பாளே, அப்படி. பிறகு சசிரேகா படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எந்த ஊருப் புள்ள?"

"நாமக்கல் பக்கம்."

"சோறு உங்கறதில்லயா?"

"இல்லம்மா."

"நட" என்றாள்.

வேலை முடிந்து கடைசி ஆட்கள் லயனுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் எதிரே மேடு ஏறினோம். தொட்டிச் சுவரில் அம்மா சாய்ந்து நின்றாள். குரலைப் பதிந்து அனுப்ப எங்கே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். எதிரில் யாரோ நிற்பதுபோல் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கண்ணு, நான் மேனகாவோட அம்மா பேசறேன். நீ யாரு பெத்த புள்ளையோ சாமி. நீ பாக்கற மொகம் அழகு மொகம் இல்ல கண்ணு, அது நோவு மொகம். ரெண்டு வாய்க் கஞ்சி குடிக்க எம்பட புள்ள தவிச்சா. சோத்தப் பாத்தாலே ஓங்கரிக்கும். திங்க முடியலயேம்மான்னு அழுவா. திங்க முடிஞ்ச புள்ள நீ, திங்காமக் கெடக்கலாமா? அந்தப் பொட்டியில சிரிக்கறது அவ இல்ல. அவளுக்கு முன்பல்லு ஒடஞ்சிருக்கும். அவ..."

நிறுத்தினாள். விரலை எடுக்கவில்லை.

"அவ செத்துட்டா கண்ணு. ஆடி மாசம் செத்துட்டா. நான் பக்கத்துல இல்ல. உங்கம்மாளுக்கு அப்படி ஆகக் கூடாது. போனப் போடு சாமி, உங்கம்மாளுக்குப் போனப் போட்டு, பசிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அம்மா சொல்லிக் கேட்டது இன்றுதான். இதுவரை 'போயிட்டா', 'சாமியாயிட்டா'. அவ்வளவுதான்.

இறங்கும்போது அம்மா கேட்டாள், "வலிச்சுதா?"

"வலிச்சுதும்மா. உன்னையக் கேட்டா. வெந்நி வாங்கப் போயிருக்குதுன்னு சொன்னேன். சரின்னா."

மூடுபனி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. அம்மா என் கையை விடவில்லை.

ஜனவரி 23, வியாழன்

கேட்டுவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

அசையும் வீடியோ எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். படங்களையும். பக்கத்தை மட்டும் அழிக்கவில்லை. அழித்தால் அவள் பதில் போட வழி இல்லை. ஒரே வரி எழுதினேன்: "மேனகா இறந்துவிட்டாள். இதை நடத்தியது அவள் தங்கச்சி புவனேஸ்வரி." திட்டினார்கள். "செத்தவளை வெச்சு லைக் வாங்கினியா?" கேட்க வேண்டியதுதான். சிரிக்கும் மூஞ்சிகளும் வந்தன. இந்தத் தடவை எண்ணவில்லை.

அப்பாவிடமும் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு" என்றார். "உங்கம்மா மொகத்துல ரெண்டு வருசம் கழிச்சு வெளக்கு எரிஞ்சுது. அத ஊதறதுக்கு எனக்கு மனசு வரல." அப்பாவும் என்னைப் போலவே பொய் என்று தெரிந்தே விட்டிருக்கிறார்.

ஜனவரி 30, வியாழன்

பதில் இல்லை. இப்போது மூடுபனியில் மேனகா வருவதில்லை. சசிரேகா வருகிறாள். கழுத்தைச் சாய்த்து நிற்கிறாள். அவள் உயிரோடு இருக்கிறாளா என்று மரத்தைக் கேட்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

தை கடைசி வெள்ளி. கன்னிக்குப் படைத்தோம். பழனியம்மாள் அக்கா, "வந்த கன்னியத் தொரத்தி உட்டுட்டுப் படையல் வேறயா?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் பூ அவள்தான் கொண்டுவந்தாள்.

மேனகாவுக்கு முதல் தையில் வைத்த மஞ்சள் பாவாடையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினாள். பயமாகத்தான் இருந்தது. உடுத்தினேன். கணுக்காலுக்கு மேலே நின்றது. மேனகா உயரத்துக்குத் தைத்தது. நான் எப்போது வளர்ந்தேன்?

அம்மா என்னை நிற்க வைத்து, முன்னால் உட்கார்ந்து, பிளேடால் ஓரத்து மடிப்பைப் பிரித்தாள். சுற்றி வந்து சுற்றி வந்து பிரித்தாள். உள்ளே மடிந்திருந்த மஞ்சள் வெளியே இருந்ததைவிடப் புதுசாக இருந்தது. காய்ச்சல் வரவில்லை.

படையல் சோற்றில் ஒரு இலை அதிகமாகப் போட்டாள் அம்மா. "நாமக்கல் புள்ளைக்கு" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று களத்தில் காப்பி காயவைத்தோம். சாப்பாட்டு மணிக்கு மேட்டில் ஏறினேன். அவளுடைய குரல் இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் குரலைக் கேட்டதில்லை. சளி பிடித்ததுபோல் சின்னக் குரல். கேட்பதற்கு முன்னால் கீழே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வந்தேன்.

"அம்மா, நான் சசிரேகா பேசறனுங்க. அன்னிக்கு எங்கம்மாளுக்குப் போன் பண்ணனுங்க. வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரில பத்து நாள் இருந்தனுங்க. இப்ப ஊட்டுல இருக்கறேன், டாக்டர்கிட்ட வாரா வாரம் பேசறேன். சோறு முழுசா உண்ண முடியலீங்க, பாதிதான். சில நாளைக்கு அதுவும் இல்லீங்க. உங்க பேச்ச நொம்பத் தடவ கேட்டனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த அக்காவுக்குப் பல்லு எப்படிங்க ஒடஞ்சுது?"

அம்மா என்னைப் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த காப்பித் தோலை உதறிவிட்டு, போனை வாங்கினாள். இப்போது எங்கே அழுத்த வேண்டும் என்று அவளுக்கே தெரியும்.

"அத ஏன் சாமி கேக்கற! ஏற்காட்டுக் கோடை விழாவுக்குக் கூட்டிட்டுப் போனோம். பன்னீர் சோடா வேணும்னா. கடைக்காரன் மூடி தொறக்கறதத் தொலச்சுட்டுத் தேடிட்டு நின்னான். இவ சும்மா இருக்காம, தள்ளுங்கண்ணா நான் தொறக்கறேன்னு வாங்கிக் கடிச்சா. மூடியும் வந்துது, பல்லும் வந்துது. அழுவான்னு பாத்தா, சோடாவ முழுசாக் குடிச்சு முடிச்சுட்டு, பாதிப் பல்லு உங்க மூடியில இருக்குதுங்கண்ணா, பாதிக் காசுதான் தருவேன்னு நிக்கறா..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன், முடியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

பேச்சு நின்றுவிட்டது.

என்ன என்று பார்த்தேன். என் உள்ளங்கை என் வாய் மேல் இருந்தது. என் பல் எல்லாம் முழுசாகத்தான் இருக்கிறது. மேனகா மாதிரி பொத்துவதற்கு எனக்கு எதுவும் இல்லை.

அம்மா போனிலிருந்து விரலை எடுக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் பதிவாகிக்கொண்டிருந்தது. நான் கையை இறக்கவில்லை.

அந்த இடத்தை வெட்டாமல், அப்படியே அனுப்பினோம்.